கேட்டவன் செய்த வஞ்சம்

மழை தவறாத மலைவள நாட்டை வெண்குடைக் கீழ் ஆளும் உலகுடைய நங்கையார் திருவாய் மலர்ந்தருள, ஓலைநாயகம் பொற்றாமன் எழுதியது. கடற்றுறை நாட்டுக் காவலர், ஆயிரம் நாவாய்க்கு உடையவர், வேந்தர் நெடுந்திரையர் கண்டுகொள்க. உம் துறைகளில் காற்று இசைவாக வீசுக. உம் குடிகள் பிணியின்றி வாழ்க.

எம் அரண்மனையின் கீழைக் கூடத்தில் தூதரும் மதியுரைஞரும் பயில்வதை நீர் அறிவீர். அக்கூடத்தின் தலைவி அரிஞ்சிகை. ஏட்டைப் படித்து எவனும் மனிதரோடு பழகக் கற்பதில்லை என்பது அவள் கொள்கை. ஆகவே பயில்வோரை இருவர் இருவராக எதிரெதிரே அமர்த்துவாள். ஒருவன் சினங்கொண்ட குறுநில மன்னனாக நடிப்பான். மற்றவன் அவனைத் தணிக்க வேண்டும். பின் இடம் மாறுவார்கள். இவற்றுள் கடினமானது கேட்கும் பயிற்சி. ஒருவன் தன் நெஞ்சிலுள்ள மெய்யான அச்சம் ஒன்றைச் சொல்ல, எதிரிலிருப்பவன் குறுக்கிடாமல் கேட்டு, கூட்டாமல் குறைக்காமல் திருப்பிச் சொல்ல வேண்டும். அங்கே சொன்னது அங்கேயே தங்கும் என்பது ஒன்றே விதி.

இன்று உம் அவையில் முதல் மதியுரைஞனாக வீற்றிருக்கும் கொற்றன், மூன்றாண்டுகளுக்கு முன் அக்கூடத்தில் பயின்றவன். ஒருநாள் ஆள் ஒற்றைப்பட, அவனுக்குத் துணை அமையவில்லை. அரிஞ்சிகை தானே அவன் எதிரில் அமர்ந்தாள். எவரிடமும் சொல்லாததைச் சொன்னாள்; அவள் இசைவு பெற்றே அதை இங்கு எழுதுகிறோம்.

"வடகரைப் போருக்கு முன் சமாதானம் பேசப் போனவள் நான்தான். ஒரு காணி நிலத்துக்காக இறங்காமல் நின்றேன். பேச்சு முறிந்தது. மறுநாள் என் தம்பி களத்தில் விழுந்தான். இனி எவராவது போர் என்று சொன்னால், எதையும் கொடுத்துவிடுவேனோ என்று பயமாயிருக்கிறது."

கொற்றன் ஒரு சொல்லும் பிசகாமல் திருப்பிச் சொன்னான். அவன் கண்களும் கலங்கியிருந்தன. இவனைப்போல் கேட்கத் தெரிந்தவன் இக்கூடத்துக்கு வந்ததில்லை என்று அன்று மாலையே அவள் எம் அரசியாரான தேவியாரிடம் மகிழ்ந்து சொன்னாள். அடுத்த ஆண்டே அவன், தாய்க்கு உடல்நலமில்லை என்று விடைபெற்று, உம் நாட்டுக்கு வந்து சேர்ந்தான்.

கருங்கண் ஏரி எவருடையது என்று பேச, சென்ற ஆவணியில் எல்லை மண்டபத்தில் இரு நாட்டாரும் கூடியபோது, உம் பக்கம் கொற்றன் இருப்பதைக் கண்டு, எம் தூதராக வந்திருந்த அரிஞ்சிகை உள்ளூர மகிழ்ந்தாள் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறோம். மூன்று நாள் அவள் ஏரியை விடவில்லை. நான்காம் நாள் அவன் ஏரியைப் பற்றிப் பேசவே இல்லை. தாழ்ந்த குரலில், "அம்மையே, எங்கள் படை ஆற்றங்கரையில் நிற்கிறது. இன்று இது முறிந்தால் நாளை யாருடைய தம்பியோ விழுவான்" என்றான். பிறகு அவள் முகத்தையே பார்த்திருந்தான். ஏரியை உமக்கு விட்டுக்கொடுக்கும் ஓலையில் அவள் இலச்சினை இட்டாள்.

ஆற்றங்கரையில் படை இல்லை. துணி துவைப்போர் நால்வரே இருந்தனர் என்று எம் ஒற்றர் மறுநாள் வந்து சொன்னார்கள். அதைக் கேட்ட அரிஞ்சிகை அழவில்லை. "என் சொற்களையே எடுத்து வந்தான்" என்று மட்டும் சொன்னாள். பதினொரு சிற்றூர்களின் நீர் போயிற்று. அவ்வூரார் அவள் இல்லத்து வாயிலில் வந்து நின்று கேட்டதற்கெல்லாம், அவள் ஒருத்தியே நின்று விடை சொன்னாள்.

தேவியார் கடுஞ்சினம் கொண்டார்கள். கொற்றனும் தன் முறைக்கு ஏதோ ஓர் அச்சத்தை உன்னிடம் சொல்லியிருப்பான்; அதைச் சொல், அதைக் கொண்டே அவனை வீழ்த்துவோம் என்று ஆணையிட்டார்கள். அரிஞ்சிகை தன் கணையாழியைக் கழற்றி அரியணையின் முன் வைத்தாள்.

"பதவியை எடுத்துக்கொள்ளுங்கள், தேவி. அதை மட்டும் கேட்காதீர்கள். அது அவன் என்னை நம்பிச் சொன்னது."

தேவியார் அரியணையிலிருந்து இறங்கி வந்தார்கள். பின் கணையாழியைத் தம் கையாலேயே அவளுக்கு அணிவித்தார்கள்.

கூடம் இன்றும் நடக்கிறது. ஆனால் பயில்வோர் இப்போது மெய்யைச் சொல்வதில்லை. பறந்துபோன கிளி, வராத கனவு என்று இட்டுக்கட்டிய துயரங்களைச் சொல்கிறார்கள். அரிஞ்சிகை அவற்றையும் பொறுமையாகக் கேட்கிறாள். ஏரியினும் இதுவே எமக்குப் பேரிழப்பு.

எம் தூதர் இலச்சினை இட்டதால் ஏரி உம்முடையதே. அதை மீளக் கேளோம். கொற்றனை ஒப்படைக்கவும் கேளோம். தேவியார் உம்மிடம் வேண்டுவது ஒன்றே. இவ்வோலையை உம் நிறைந்த அவையில், வேறெவரும் தொடாமல், கொற்றனே உரக்க வாசிக்கக் கடவன். அவன் அன்று சொன்னது இன்னும் அரிஞ்சிகையிடமே இருக்கிறது என்ற இவ்வரியில் அவன் குரல் எப்படியிருந்தது என்பதை நீரே கேட்டறிந்து, உம் நெஞ்சிலுள்ளதை இனி அவனிடம் சொல்வதா என்று முடிவு செய்வீராக.

பதினான்காம் ஆட்சியாண்டு, ஐப்பசித் திங்கள் ஏழாம் நாள். மலைமுக இலச்சினை இட்டோம். இது தேவியார் ஆணை.