பலாக்காயில் நான் கட்டிய வைக்கோல்

கைராசிக்காரி குப்பம்மா அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கித்தான் எனக்குப் பழக்கம். இந்த ஊரில் எத்தனை பேருக்கு அப்படி எழுதிக் கொடுத்திருப்பேன்! உனக்கு எழுத உட்கார்ந்ததும் அந்த முதல் வரியே உதவாமல் போய்விட்டது. ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகள் நாம். உனக்குக் கடிதம் எழுத வேண்டிய அவசியம் ஒருநாளும் வந்ததில்லை. நீ போய் நாற்பது நாள் கழித்து இப்போதுதான் வந்திருக்கிறது.

முதலில் ஊர்ச் செய்தி. புதூர்நாட்டிலிருந்து நம் ஊர் முனை வரைக்கும் பஸ் விட்டிருக்கிறார்கள். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, வந்தால் உண்டு. சத்துணவுக் கூடத்துக்கு ஓடு மாற்றியாயிற்று. உன் வெள்ளாடு இரண்டு குட்டி போட்டது, இரண்டும் கிடா. இப்படிச் சொல்லிச் சொல்லி நேரத்தைக் கடத்துகிறேன் என்பது உனக்குத் தெரியும். எனக்கும் தெரிகிறது.

சொல்ல வேண்டியது ஒன்றுதான் அக்கா. அந்த வருஷம் உன் பலாமரத்தில் சாமிக்கண்ணு வீட்டு முடிச்சைப் போட்டவள் நான்.

இதை மற்றவர்களும் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். நம் ஊரில் ஒரு பலாக்காய் இன்ன வீட்டுக்கு என்று முடிவானால், சாமை வைக்கோலைத் திரித்து அதன் காம்பில் கட்டிவிடுவோம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முடிச்சு. ஒரு வீட்டார் இரட்டை முடிச்சு போடுவார்கள், இன்னொரு வீட்டார் வளையம் விட்டுக் கட்டுவார்கள். கட்டிய காயை வேறு யாரும் தொடமாட்டார்கள். அடுத்தவர் மரம் என்றால் கேட்டுவிட்டுத்தான் கட்ட வேண்டும். ஆக, உன் மரத்தில் வேறொரு வீட்டு முடிச்சு தொங்கினால், நீயே அந்த வீட்டுக்குக் கொடுத்திருக்கிறாய் என்று பொருள்.

எனக்கு இதில் பாதிதான் தெரியும். பிறந்தது இதே மலையில் என்றாலும், அப்பா செங்கத்து மண்டியில் மூட்டை தூக்கியதால் நான் கீழே வளர்ந்தவள். எட்டாவது வரை படித்தவளுக்கு வைக்கோல் முடிச்சு படிக்கத் தெரியவில்லை. கல்யாணமாகி ஐந்து மாதம், வயிற்றில் மூன்று மாதம். மசக்கையில் நாக்கு பலாச்சுளைக்கு அலைந்தது. மாமியாரோ, "பலா சூடு, வாயில வெச்சின்னா தொலைச்சிடுவேன்" என்று சொல்லியிருந்தார். உன் மரத்தில் அடியிலேயே ஒரு காய் தொங்கியது. அதையாவது யாரும் தொடாமல் வைத்துக்கொள்வோம் என்று, ஓடைக்கரை மரத்தில் பார்த்த மாதிரியே ஒரு வைக்கோலைத் திரித்துக் கட்டினேன். எல்லாரும் ஒரே மாதிரிதான் கட்டுவார்கள் என்று நினைத்தேன். ஓடைக்கரை மரம் சாமிக்கண்ணுவுடையது.

சாமிக்கண்ணு மனைவியை இழந்து இரண்டு வருஷம் ஆனவர். உன் வீட்டுக்காரர், அதான் மாமா, காப்பி எஸ்டேட்டுக்குப் போய் நான்கு மாதம். ஊருக்கு வேறென்ன வேண்டும்?

மறுநாள் தண்ணீர் மொள்ளும் ஊற்றடியில் பக்கத்து வீட்டுப் பொன்னியக்காதான் ஆரம்பித்து வைத்தார். "இன்னா குப்பம்மா, பழத்த யாருக்கு முடிஞ்சி வெச்சிகீற?" என்றார். எல்லாரும் குடத்தை அப்படியே வைத்துவிட்டு உன் முகத்தைப் பார்த்தார்கள். நீ குனிந்து தண்ணீர் மொண்டுகொண்டே சொன்னாய்: "பழுக்கட்டும். வாசனை புடிச்சிகினு யாரு வர்றாங்களோ அவங்களுக்குத் தரேன். நீதான் மொதல்ல வருவ." சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போதே சொல்லியிருக்கலாம். மாமியார் பக்கத்தில் நின்றிருந்தார்.

இரண்டாம் நாள் சொல்லலாம் என்றிருந்தேன். மூன்றாம் நாள் அது கேலியாக இல்லை. சாமிக்கண்ணு அது தன் முடிச்சே இல்லை என்று கோயில் வாசலில் நின்று கத்தினார். அது ஊராருக்கு இன்னும் வசதியாகப் போயிற்று. ஒன்றும் இல்லாவிட்டால் எதற்கு இவ்வளவு பதறுகிறான் என்றார்கள். நீ ஒரு வார்த்தை மறுக்கவில்லை. அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள். ஒரு வாரம் ஆனபோது என் சின்ன உண்மைக்கு அங்கே இடமே இல்லாமல் போய்விட்டது. இது சாக்குத்தான், தெரியும். இருந்தாலும் நடந்தது அப்படித்தான்.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்றும் செய்தேன். எஸ்டேட்டில் இருக்கும் ஆண்களுக்கெல்லாம் இங்கிருந்து நான்தானே கடிதம் எழுதுவேன். வைகாசியில் பொன்னியக்கா தன் வீட்டுக்காரருக்கு எழுத இன்லண்ட் லெட்டரோடு வந்து உட்கார்ந்தார். மாடு, மழை, மாமனார் இருமல் எல்லாம் முடிந்தது. பிறகு, "எழுது. உன் சிநேகிதன் பொண்டாட்டி மரத்துல வேற வூட்டு வைக்கோல் தொங்குதுன்னு எழுது. நான் சொன்னேன்னு சொல்லாதன்னும் எழுது" என்றார். எழுதினேன் அக்கா. நான் சொன்னேன் என்று சொல்லாதே என்பதையும் சேர்த்து, ஒரு எழுத்து விடாமல் எழுதினேன். சொன்னதைச் சொன்னபடி எழுதுகிறவள் என்று எனக்கு ஊரில் நல்ல பெயர். உன் பெயரை விட்டுவிட்டு அதைக் காப்பாற்றிக்கொண்டேன்.

அதே வாரம் நீயும் மாமாவுக்குக் கடிதம் எழுதச் சொன்னாய். "ஆடு நல்லா கீது. மழை ரெண்டு தபா வந்துச்சி. வெதைக்க வந்துடச் சொல்லு." அவ்வளவுதான். "வேற இன்னா எழுதறது அக்கா?" என்று கேட்டேன். "வேற இன்னா கீது?" என்றாய். எச்சில் தொட்டு ஒட்டிக் கொடுத்தேன்.

இரண்டு கடிதமும் ஒரே பையில்தான் போயிருக்கும். மாமா ஆனிக் கடைசியில் வந்தார். உன்னை ஒன்றும் கேட்கவில்லை, திட்டவில்லை. பெரிய மனசு என்று நாங்களெல்லாம் நிம்மதியானோம்.

பழம் அதற்குள் பழுத்திருந்தது. நீ கையில் எண்ணெய் தடவிக்கொண்டு அறுத்தாய். பொன்னியக்கா வீட்டுக்கு ஒரு கிண்ணம், எதிர் வீட்டுக்கு ஒரு கிண்ணம் என்று வைத்தாய். முதல் கிண்ணத்தை மாமியார் கண்ணெதிரே என் மடியில் வைத்து, "துன்னு. வவுத்துல கீறது கேக்குதில்ல" என்றாய். உனக்குத் தெரியுமா? தெரிந்துதான் கொடுத்தாயா? பத்து வருஷம் ஒரே அடுப்பில் சமைத்தோம், இந்த ஒரு கேள்வியை என்னால் கேட்க முடியவில்லை. கேட்டிருந்தால் நீ சொல்லியிருப்பாயா?

ஆடி வந்தது. அதுவரை ஒவ்வொரு ஆடியிலும் ஊரில் எந்தக் கொல்லையானாலும் முதல் பிடி சாமையை உன் கைதான் விதைக்கும். உன் கை பட்டால் விளையும் என்று விடியும்போதே பம்பை அடித்துக்கொண்டு வந்து கூப்பிட்டுப் போவார்கள். அந்த வருஷமும் நீ தலைக்குக் குளித்து, மஞ்சள் பூசி, கூடையைத் துடைத்து வைத்துக்கொண்டு வாசலில் நின்றாய். பம்பைச் சத்தம் மேலத்தெருவில் கேட்டது. வேறு யாரையோ அழைத்துப் போகிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. உனக்கு எனக்கு முன்னாலேயே புரிந்திருக்கும். வெயில் ஏறும் வரை நின்றாய். பிறகு, "வா தங்கச்சி, நம்ம கொல்லைக்குப் போலாம். அங்க யாரு வேணாம்னு சொல்லப் போறாங்க" என்று கூடையை எடுத்தாய். பின்னால் நடந்த எனக்கு உன் முகம் தெரியவில்லை. அன்றைக்கு நான் செத்துப்போயிருக்கலாம் என்று நினைத்தேன். அப்போதும் சொல்லவில்லை.

அதன் பிறகு உன்னை யாரும் கூப்பிடவில்லை. நீயும் மூலையில் ஒடுங்கவில்லை. மாசியில் புளி உடைக்க எல்லாரும் கூடுகிற இடத்தில், நட்டநடுவில் போய் உட்கார்ந்தாய். எதற்கு அங்கே போகிறாய் என்று கேட்டேன். "நான் குந்திக்கினு இருக்கற வரைக்கும் அவளுங்க என்னைப் பத்திப் பேச முடியாதில்ல? வேற எவளையாவது பேசட்டும்னு வுட்டுட்டு எழுந்து வர்றேன்" என்றாய். பேச்சு உன் பக்கம் திரும்பும்போதெல்லாம் கொட்டையை ஒரு தட்டு ஓங்கித் தட்டுவாய். வீட்டுக்கு வந்தால் ராகியைத் திரித்துக்கொண்டு ரேடியோ கேட்பாய். இத்தனை வருஷத்தில் நீ அழுது நான் பார்த்ததில்லை. அழவில்லை என்று சொல்ல எனக்கு என்ன தெரியும்?

பத்து வருஷம் இப்படிப் போனது. பிறகு உனக்கு மூன்று நாள் ஜுரம். நான்காம் நாள் ஜீப் பிடித்துத் திருப்பத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், பாதி மலை இறங்குவதற்குள் முடிந்துவிட்டது. பதினாறாம் நாள் காரியத்தில் எல்லாரும் சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருந்தார்கள். நான் எழுந்து நின்றேன். வைக்கோல், முடிச்சு, கடிதம் மூன்றையும் சொன்னேன். அடிப்பார்கள், காறித் துப்புவார்கள் என்று நினைத்திருந்தேன். அப்படி ஏதாவது செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பொன்னியக்கா சிரித்தார். "அட இவ ஒருத்தி! அத்த யாரு நம்பினது? சும்மா பேசிக்கினு இருந்தோம். குப்பம்மாவப் பத்தி எங்களுக்குத் தெரியாதா?" என்றார். பக்கத்தில் இருந்தவர்களும் ஆமாம், ஆமாம் என்றார்கள். யாருமே நம்பவில்லையாம் அக்கா. நம்பாமலேதான் பத்து ஆடி உன்னை வாசலில் நிறுத்தினார்களாம்.

அப்போது மாமா, மொட்டைத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தவர், நிமிர்ந்து, "நான் நம்பினேன்" என்றார்.

அதற்கப்புறம் எல்லாரும் இலை எடுக்க வேண்டும் என்று ஆளுக்கொரு சாக்குச் சொல்லி எழுந்து போனார்கள்.

வருஷத்தில் ஒன்பது மாதம் அவர் எஸ்டேட்டிலேயே கிடந்ததற்குக் காரணம் வேலை என்றுதான் நாங்கள் நினைத்தோம். நீ என்ன நினைத்தாய்? கேட்டால் சொல்லிவிடுவாரோ என்றுதான் கேட்காமல் இருந்தாயா? ஊரை நடுவில் உட்கார்ந்து சமாளித்தாய். வீட்டுக்குள் இருந்ததை எப்படி அக்கா சமாளித்தாய்?

நேற்று மத்தியானம் மாமா ஒரு இன்லண்ட் லெட்டரோடு என் எதிரில் வந்து உட்கார்ந்தார். "அவளுக்கு ஒண்ணு எழுதணும்" என்றார். பேனாவைத் திறந்து, "இன்னா எழுதறது மாமா?" என்று கேட்டேன். வாயைத் திறந்தார், மூடினார். துண்டால் முகத்தைத் துடைத்தார். "நாளைக்கு வர்றேன்" என்று எழுந்து போனார். இன்று அதே நேரத்துக்கு வந்தார். இன்றும் அப்படித்தான்.

அவர் எத்தனை நாள் வந்தாலும் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு எதிரில் உட்காருவேன். அவர் சொல்லி முடிக்கிற அன்றைக்கு அதைக் கொண்டுவந்து, உன்னைப் புதைத்த இடத்தில் நின்று, சத்தமாகப் படித்துக் காட்டுகிறேன். அதுவரை இந்த ஊரில் வேறு யாருக்கும் கடிதம் எழுதித் தரமாட்டேன். இது சத்தியம்.

உனக்குப் பின்னால் கூடை தூக்கிக்கொண்டு நடந்த ஓரகத்தி,
உன் தங்கச்சி மல்லிகா