ஹெல்மெட் கண்ணாடியில் குண்டு போடும் வேலை

நவ. 11, செவ்வாய்

விடியலிலிருந்து மழை. ஐயப்பன்தாங்கல் டிப்போவில் முழங்கால் தண்ணீர். அம்பத்தூர் போவதற்குள் சுடிதார் நனைந்துவிட்டது.

பேக்கிங்கிலிருந்து டெஸ்டிங்குக்கு மாற்றிவிட்டார்கள். மெஷினில் வார்க்கும் ஹெல்மெட் கண்ணாடியில் பெட்டிக்கு ஒன்றை எடுத்து, அதன்மேல் குழாய் வழியாக இரும்புக் குண்டு போட வேண்டும். கண்ணாடி என்றாலும் பிளாஸ்டிக்தான். உடையக் கூடாது. உடைந்தால் அங்கிருந்தே கத்த வேண்டும், மெஷினை நிறுத்துவார்கள்.

கத்துவதுதான் கஷ்டம். பள்ளியை விடும்வரை என் 'உள்ளேன் டீச்சர்' பெஞ்சைத் தாண்டியதில்லை.

மெஷினில் ஜெயா அக்கா. எங்கள் தெரு. வேலை வாங்கித் தந்தவள்.

இன்று எதுவும் உடையவில்லை. மாதாவுக்கு நன்றி.

12, புதன்

மழை விடவில்லை. இரவெல்லாம் கம்பெனியில் கரண்ட் இல்லையாம்.

முதல் கண்ணாடியே இரண்டாகப் போனது. "ஒடஞ்சுதுக்கா." மெஷின் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. அடுத்ததும் உடைந்தது. தூக்கிக் காட்டினேன். அக்கா திரும்பவில்லை, பெட்டிகள் நிரம்பிக்கொண்டே இருந்தன. ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். கால் வரவில்லை.

சூப்பர்வைசர் வந்து துண்டுகளைப் பார்த்தார்.

"எப்பத்திலேர்ந்து ஒடையுது?"

"காலையிலேர்ந்து சார்."

"வாயில இன்னா, கொயக்கட்டையா? நாளைக்கும் இப்டியே நின்னுகினு இருந்தன்னா ஊட்டுக்குக் கெளம்பிடு."

அக்காவுக்கும் திட்டு. டிரையரில் பிளாஸ்டிக் குருணை காய்வதற்குள் மெஷினை ஓட்டிவிட்டாளாம். ஈரக் குருணையில் வார்த்தால் நொறுங்கும்.

பஸ்ஸில் அக்கா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "எவனாச்சும் வண்டில விய்ந்து, அது கண்ணுல குத்துச்சுன்னா?"

சாப்பாடு இறங்கவில்லை. அம்மாவிடம் தலைவலி என்றேன்.

13, வியாழன்

தூறல். டிரையர் இரவு முழுக்க ஓடியதாம். காலையில் குண்டு போட்ட கண்ணாடியெல்லாம் தாங்கின.

மதியம் வாசலில் லாரி. டிரைவர் உள்ளேயே வந்துவிட்டான். "இன்னா மாமே, இன்னிக்கு லோடு உண்டா இல்லியா?" சூப்பர்வைசர் தானே புதுக் குருணை மூட்டையைப் பிரித்து டிரையரில் கொட்டினார். "காய வேணாமா சார்?" என்றாள் அக்கா. "ஓட ஓடக் காயும். நீ ஓட்டு."

கொஞ்ச நேரம் தாங்கின. பிறகு ஒன்றில், குண்டு விழுந்த இடத்தில் மயிரிழை விரிசல். உடைந்தது என்பதா, இல்லை என்பதா? சூப்பர்வைசர் எதிரிலேயே நிற்கிறார். இன்னொன்றை வைத்துப் போட்டேன். சில்லு தெறித்தது.

"அக்கா, நிறுத்து. ஒடஞ்சுது."

மெஷின் நின்றது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அக்கா டிரையர் அடியிலிருந்து ஒரு பிடி குருணை எடுத்துப் பார்த்தாள். "சூடே ஏறல சார்."

அவர் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டிரைவரிடம் போய், "நாளிக்கு வா" என்றார்.

பஸ்ஸில் அக்கா எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். "இத்தினி சத்தத்த எங்கடி வச்சிகினு இருந்த?"

தெரியவில்லை. தொண்டை இன்னும் எரிகிறது.