மழை நாளிலும் சூடான தண்ணீர்

வியாழன், இரவு



உம்மாவின் இடது காலுக்குத் தண்ணீரில் நடப்பதுதான் பயிற்சி. வீட்டு நீச்சல் தடாகத்துக்கு ஹீட்டர் காட்ட இன்று கடைக்காரர் வந்தார். வெளி ஆண் என்பதால் உம்மா முன்னால் வராமல் திரைக்குப் பின்னால் நின்றார். அவருடைய கேள்விகளை நான்தான் போய்ச் சொன்னேன்.

"ஹீட் பம்ப் காத்துல இருக்கிற சூட்டை எடுக்கும். கரண்ட் குறைவு, மழைக்கும் வேலை செய்யும்," என்றார் கடைக்காரர்.

"வெயில்ல சுடுற சோலர் ஹீட்டர் போதும். மழைக்குத் தண்ணியில இறங்காட்டிச் சரி," என்றார் வாப்பா.

போன ஞாயிற்றுக்கிழமை மழையில், குளிர்ந்த தண்ணீரில் கால் விறைத்து உம்மா மூழ்கப் போனார். நான் உடுப்போடு குதித்துப் பிடித்தேன். வாப்பா அறிந்தால் தடாகத்தையே மூடிவிடுவார் என்று உம்மா சொல்ல விடவில்லை. ஆனாலும் இன்று வாப்பாவிடம் சொல்லிவிட்டேன், அழுதுகொண்டே.

"தெரியும் மகள். ஒங்கட மத்ரசா உடுப்பு கொடியில சொட்டச் சொட்டத் தொங்கிச்சே. அதான் மழைக்கு வேணாமெண்டேன்," என்றார் வாப்பா.

திரைக்குப் பின்னாலிருந்து உம்மாவே பேசினார்: "கண்டியில மழையில்லாத நாள் பாத்து நான் எப்ப நடக்கிற?"

கடைக்காரர் குனிந்து சிரித்தார். வாப்பா ஹீட் பம்புக்குச் சம்மதித்தார்.

ஹீட் பம்பைக் கொண்டுவந்து பூட்டியதும் வாப்பாவும் உம்மாவோடு இறங்குவாராம். அவருக்கு நீந்தத் தெரியாது. இனி இரண்டு பேரையும் நான்தான் பிடிக்க வேண்டும்.