மகள் எடுத்துப் போன தட்டு

மார்ச் 3, செவ்வாய்

ஃபேக்டரி கேன்டீனில் இன்று சாம்பார் நீர்த்துவிட்டது. இரண்டாம் ஷிஃப்ட் பையன்கள் முகத்தைச் சுளித்தார்கள். "வீட்ல உங்கம்மா ஊத்துனா வாய மூடிட்டுத் திம்பீங்கல்ல, திங்கடா" என்றேன். சிரித்துக்கொண்டே தட்டை நீட்டினார்கள்.

வீட்டுக்கு வந்தால் மகள் தர்ஷினி ஒரு செய்தி வைத்திருக்கிறாள். அவள் வேலை பார்க்கிற ஓட்டலுக்கு ஞாயிற்றுக்கிழமை மதியம் நானும் அவள் அப்பாவும் சாப்பிட வர வேண்டுமாம். பெங்களூரிலிருந்து காரில் வந்து சாப்பிட்டுப் போகிற இடம் அது. வாசலில் நிற்கிற ஆளைப் பார்த்தாலே நான் எதிர்ப்பக்கம் நடப்பேன்.

"எதுக்குடி திடீர்னு?"

"சும்மாதாம்மா. வாங்களேன்."

அவ்வளவுதான். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து எங்களிடம் அவள் பேச்சு குறைந்துவிட்டது. கண்ணாடி முன்னால் நின்று இங்கிலீஷ் பேசிப் பார்ப்பாள். நான் உள்ளே போனால் நிறுத்திவிடுவாள். எங்களை நினைத்து வெட்கப்படுகிறாளோ? இந்த எண்ணம் அடிக்கடி வருகிறது. ஆனால் இப்போது கூப்பிட்டிருக்கிறாளே. வெட்கப்படுகிறவள் கூப்பிடுவாளா?

மார்ச் 7, சனி

நீலப் புடவையா, கத்தரிப்பூக் கலரா? இவரைக் கேட்டால், "சோறு திங்கத்தான போறோம்" என்கிறார். கத்தரிப்பூதான்.

மார்ச் 8, ஞாயிறு

போயிருக்கவே கூடாது.

கறுப்புக் கோட்டில் வந்து நின்றாள் என் மகள். அத்தனை அழகு. "குட் ஆஃப்டர்நூன் சார், குட் ஆஃப்டர்நூன் மேடம்" என்றாள். மேடமாம். நான் சிரித்தேன், அவள் சிரிக்கவில்லை. பிறகு இங்கிலீஷிலேயே என்னென்னவோ சொன்னாள். ஒன்றும் புரியவில்லை. அவளுடைய மேனேஜர் ஜெகதீஷ் சார் கொஞ்சம் தள்ளிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

முதல் தட்டில் ஒரே ஒரு பன்னீர்த் துண்டு, மேலே ஒரு இலை. முள்கரண்டியால் குத்தினால் நழுவுகிறது. ஒரு ஓரம் தின்று பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. மீதியைக் கையால் எடுக்கலாம் என்று கத்தியையும் முள்கரண்டியையும் தட்டிலேயே சேர்த்து வைத்தேன். மேசைத்துணி வெள்ளை, கறை பட்டுவிடக் கூடாதே. என்னைப் பார்த்து அவரும் அப்படியே வைத்தார். கையைத் துடைத்துவிட்டு நிமிர்வதற்குள் தர்ஷினி வந்து இரண்டு தட்டையும் எடுத்துப் போய்விட்டாள்.

அடுத்த தட்டும் அப்படியே போனது. கோழித் துண்டு வந்தது, அதுவும் போனது. கையால் தின்னப் போகிறோம் என்று தெரிந்துதான் எடுக்கிறாள். பக்கத்து மேசைக்காரர்கள் பார்ப்பதற்குள் எடுக்கிறாள். வேறென்ன இருக்க முடியும்?

இவருக்கு எல்லாமே வேடிக்கை. "ஏ புள்ள, இங்க கண்ணுல காட்டிட்டு எடுத்துட்டுப் போயிருவாங்க போல" என்கிறார்.

ரொட்டி இன்னும் வேண்டுமா என்று சைகை காட்டினாள். தலையை ஆட்டி வேண்டாம் என்றேன். உடனே போய்விட்டாள். பெற்றவளை ஒரு தரம் கேட்டால் போதுமா? ஊர் பேர் தெரியாத பையன்களை நான் மூணு தரம் கேட்டுப் பரிமாறுகிறேன்.

பஸ் ஸ்டாண்டில் பரோட்டா வாங்கிக் கொடுத்தார். எனக்கு இறங்கவில்லை.

மார்ச் 9, திங்கள்

நான் பேசவில்லை. அவளும் பேசவில்லை.

மார்ச் 11, புதன்

வேலை முடிந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையற்கட்டு வாசலில் நின்றாள்.

"பாஸ் ஆவலம்மா."

"என்ன பாஸு?"

அப்போதுதான் சொல்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் பரீட்சையாம். வீட்டு ஆட்களையோ தெரிந்தவர்களையோ உட்கார வைத்து, முன்பின் தெரியாத கஸ்டமருக்குப் போலப் பரிமாற வேண்டுமாம். அதில் தேறினால்தான் வேலை நிரந்தரம். அன்று எங்கள் மேசையிலிருந்து எல்லாத் தட்டும் மிச்சத்தோடு திரும்பிப் போயிருக்கிறது. "கெஸ்ட் பட்டினியா எந்திரிச்சுப் போறாங்க, ஏன்னு ஒரு வார்த்தை கேக்கலையே நீ" என்றாராம் ஜெகதீஷ் சார்.

"ஏன்டி முன்னாடியே சொல்லல?"

"சொன்னா நீ பயந்துக்குவ, சாப்பிட மாட்டன்னு நெனச்சேன்."

"இப்ப மட்டும் சாப்பிட்டனா? நீதான் தட்டத் தூக்கிட்டு ஓடுனியே."

"நீதானம்மா கத்தியும் ஃபோர்க்கும் சேத்து வெச்ச. சேத்து வெச்சா, 'போதும், எடுத்துக்க'ன்னு அர்த்தம்."

"எந்த ஊருலடி?"

இதற்கு மேல் மூடி வைத்து என்ன செய்ய? சொல்லிவிட்டேன். "நான் கையால திங்கிறது ஒனக்கு அசிங்கமா இருக்குன்னு நெனச்சேன், தர்ஷினி."

"லூசாம்மா நீ?" என்றாள். "ஒனக்குப் புடிக்கலன்னு நெனச்சேன். ஒவ்வொரு தட்டா எடுக்கறப்ப எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா?" என்று சொல்லும்போதே அழுதுவிட்டாள். நானும்தான். அடுப்பில் பொரியல் கருகிவிட்டது. அதையே மூன்று பேரும் தின்றோம்.

மார்ச் 14, சனி

இன்னொரு வாய்ப்பு தருகிறார்களாம், அடுத்த ஞாயிறு. அவளோடு வேலை பார்க்கிற ஸ்வாதியின் அப்பாவும் அம்மாவும் பேங்கில் இருக்கிறார்கள், இங்கிலீஷ் தெரிந்தவர்கள். அவர்களைக் கூப்பிட்டுக்கொள் என்று நானே சொன்னேன். அவள் வேலை முக்கியம்.

கேட்டுக்கொண்டே ஷூவுக்குப் பாலிஷ் போட்டாள். சரி என்று சொல்லிவிடுவாளோ என்று எனக்குப் பக்கென்றது. இதை யாரிடம் சொல்ல?

மார்ச் 17, செவ்வாய்

கூட வேலை பார்க்கிற வெங்கடம்மாள், "மூஞ்சி ஏன் இப்படி இருக்குது?" என்றாள். தலைவலி என்றேன்.

மார்ச் 22, ஞாயிறு

நேற்றுக் கத்தரிப்பூக் கலர் புடவையை இஸ்திரி போட்டு அவளே கட்டில் மேல் வைத்திருந்தாள். "நாளைக்கு நீங்கதான் வரணும். சார்கிட்டச் சொல்லிட்டேன். தமிழ்ல பேசறதுக்கும் கேட்டு வெச்சிருக்கேன்."

அதே மேசை. ஜெகதீஷ் சார் அதே மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தர்ஷினி குனிந்து, "கொஞ்சம் கொஞ்சமா ஆறு தட்டு வரும்மா. அவசரமில்ல. கையால சாப்பிடறதுன்னா கையாலயே சாப்பிடுங்க. நான் கேக்காம எதையும் எடுக்க மாட்டேன்" என்றாள்.

கையால்தான் சாப்பிட்டேன். ரொட்டி வேண்டாம் என்றபோது, "இன்னொன்னு வெச்சுக்கம்மா, சூடா இருக்கு" என்று தட்டில் வைத்தாள்.

பக்கத்து மேசையில் கண்ணாடி போட்ட ஒரு பெண் நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தர்ஷினியைக் கூப்பிட்டு இங்கிலீஷில் ஏதோ கேட்டாள். எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. தர்ஷினி என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, என் தோளில் கை வைத்துப் பதில் சொன்னாள். நீளமாகத்தான் சொன்னாள். அதில் 'மை மதர்' மட்டும் எனக்குப் புரிந்தது.

வேலை நிரந்தரமாகிவிட்டதாம். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவளாகச் சொன்னாள். கேட்க வேண்டும் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது.