நாலாவதாக வந்த குதிரை

லாக்ரே,
ஆகஸ்ட் 2

அன்புள்ள காஹல்,

நான் சுகம். மாற்றி வைத்த இடுப்பும் சுகம். என் கோபமும் நல்ல சுகத்தோடு இருக்கிறது. பெர்த்தில் உங்களுக்கு இப்போது குளிர்காலம், குழந்தைக்குக் காதை மூடிவிடச் சொல். இங்கே மழை விட்டபாடில்லை, வெட்டிய புல் வயலிலேயே நனைந்து கிடக்கிறது, ரேஸ் வாரம் என்பதால் சர்ச்சில் சாமியார் பூசையை இருபது நிமிஷத்தில் முடித்துவிட்டார்.

விஷயத்துக்கு வருகிறேன். திங்கட்கிழமை பெட்டிங் கடைக்குப் போனேன். வருடத்துக்கு ஒரே முறை, கால்வே தடைதாண்டும் ரேஸுக்கு இருபது யூரோ, உனக்குத் தெரியாததல்ல. உன்னோடு படித்த ஃபெர்கல்தான் கவுண்டரில். என் முகத்தைப் பார்க்காமல், "பிராடரிக்கம்மா, தப்பா எடுத்துக்காதீங்க, காஹல் போன் பண்ணினான், அம்மாகிட்ட பந்தயம் வாங்காதேன்னுட்டான்" என்றான். எனக்குப் பின்னால் வரிசையில் ஆறு பேர். அதில் மேரி டோலனும் ஒருத்தி, அவள் காதில் விழுந்தால் ஊருக்கு ஒலிபெருக்கி எதற்கு? எழுபத்திரண்டு வயதில் தலை குனிந்து வெளியே வந்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன், அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. உன் அப்பா கீழ் வயலைக் குதிரையில் விட்டதை நீ மட்டுமா பார்த்தாய்? அவர் தோற்றுக் கெடவில்லையடா, ஜெயித்துக் கெட்டார். ஒன்று ஜெயித்தால் அத்தனையையும் அடுத்த ரேஸில் கொண்டு கொட்டுவார். அதற்காக எனக்கா விலங்கு?

வியாழக்கிழமை ஊன்றுகோலும் கையுமாக பஸ் ஏறி, நேரே கால்வே மைதானத்துக்கே போய் இறங்கினேன். இருபது குதிரைகள். பக்கத்து வீட்டு நோரீன் பழக்கிய குதிரைக்கு 'நனைந்த தீக்குச்சி' என்று பெயர், எல்லாவற்றிலும் குறைந்த பாரம் அதற்குத்தான். கெட்டிக்காரக் குதிரை மேல் பாரத்தை ஏற்றி, ஏப்பைசாப்பைக்குக் குறைத்து ஓடவிடுகிறார்களே, அந்த நியாயம் எனக்குப் பிடிக்கும். அங்கே பந்தயம் வாங்கும் புக்கி என்னை மேலும் கீழும் பார்த்து, "இதுக்கா அம்மணி? போன வருஷம் ஓடினதே இன்னும் வந்து சேரலயே!" என்றான். ஒன்றுக்கு நாற்பது தருவதாகச் சொன்னான். பத்து யூரோ வின்னுக்கு, பத்து பிளேஸுக்கு என்றேன். இத்தனை குதிரை ஓடினால் நாலாவதுக்கும் பிளேஸ் பணம் உண்டு, வின்னில் கால்பங்கு, ஒன்றுக்குப் பத்து, அது அவனுக்கும் தெரியும் எனக்கும் தெரியும்.

கடைசித் தடைக்கு வரும்போது நம்முடையது ஏழாவது. முன்னால் போனதில் இரண்டு அங்கே விழுந்தன. ஜாக்கிகள் எழுந்து நடந்தார்கள், கடவுள் புண்ணியம். நான் ஊன்றுகோலைத் தலைக்கு மேல் சுழற்றிக் கத்தினேன், இடுப்பு என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிற்று. இன்னொன்றையும் முந்திக்கொண்டு நாலாவதாக வந்தது.

பிளேஸுக்குப் போட்ட பத்தையும் சேர்த்து நூற்றுப் பத்து யூரோவைக் கையில் வைத்துவிட்டு, "இன்னிக்கு உங்க நாள் அம்மணி, அப்படியே அடுத்த ரேஸ்ல போடுங்க, மூணாம் நம்பர்" என்றான் புக்கி. எனக்கு உன் அப்பா முகம் கண்ணில் வந்து நின்றது. கை ஒரு கணம் தயங்கியது, பொய் சொல்ல மாட்டேன். பிறகு பையின் ஜிப்பை இழுத்து மூடினேன். டீயும் ஆப்பிள் கேக்கும் சாப்பிட்டு, ஐந்தரை பஸ்ஸில் வீடு வந்துவிட்டேன். மூணாம் நம்பர் ஜெயித்ததாக பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். ஜெயித்துவிட்டுப் போகட்டும்.

குழந்தைக்குக் கம்பளித் தொப்பி ஒன்று அனுப்பியிருக்கிறேன், அந்தப் பணத்தில்தான், போடாமல் இருந்துவிடாதே. மாதா உங்கள் மூவரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். ஃபெர்கலுக்கு நீயே போன் பண்ணு. கடையில் நாலு பேர் நிற்கிற நேரமாகப் பார்த்துப் பண்ணி, என் பந்தயத்தை வாங்கச் சொல். சொல்லாவிட்டால் அடுத்த வருடமும் பஸ் ஏறுவேன்.

பையை மூடத் தெரிந்த உன் அம்மா,
ப்ரைடி