கிரேன் அக்காவின் சாப்பாடு

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

எங்கள் கப்பல் பட்டறையில் கிரேன் ஓட்டும் அக்கா ஒருவர் இருக்கிறார். புத்த மதத்துக்காரர், கறி, மீன் தொடமாட்டார். சாப்பிடும்போது பேசவும் மாட்டார். ஒவ்வொரு வாய்ச் சோற்றையும் அதே நினைப்பாக மெல்வார். "சோத்தை எண்ணுறீங்களாக்கா?" என்று நானே கிண்டல் செய்திருக்கிறேன்.

நேற்று மதியம் (பயந்துவிடாதே, எனக்கு ஒன்றும் ஆகவில்லை) முதல் வாயிலேயே அவர் சட்டென்று எழுந்து, "யாரும் சாப்பிடாதீங்க! சோத்துல கண்ணாடி!" என்று கத்தினார். நான் அள்ளிய கவளம் அப்போது வாய்க்குப் பக்கத்தில் இருந்தது.

எல்லோரும் பட்டறைச் சமையல்காரரை அடிக்கப் பாய்ந்தோம். அக்கா குறுக்கே வந்து நின்றார். "ஆடு கோழிக்கு வலிக்கும்னுதான் நான் கறியே சாப்பிடறதில்ல. மனுஷனை அடிச்சா மட்டும் பாத்துட்டு நிப்பேனா?" என்றார். ஓங்கிய என் கை தானாக இறங்கிவிட்டது. சமையல்காரர் அழுதேவிட்டார்; கண்ணாடி விழுந்ததை அவர் கவனிக்கவே இல்லையாம். பிறகு அவரோடு சேர்ந்து நாங்களும் புதிதாக உலை வைத்தோம். அக்காவுக்கு எப்பேர்ப்பட்ட மனசு பார், அம்மா!

இன்று நானும் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, வெறும் காய்கறிச் சாப்பாட்டை மெதுவாகச் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மெதுவாகச் சாப்பிட்டால் வீட்டு ஞாபகம் வந்துவிடுகிறது.

உன் பழைய போர்வையை அனுப்பு, துவைக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சாப்பிடும்போது போன் போடு. பேசாவிட்டாலும் பரவாயில்லை, தட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் போதும்.

சங்கு ஊதிவிட்டது, ஓடுகிறேன்.

உன் மகன்