இடது கைக்கு ஒரு கத்தரி

மார்ச் 4, செவ்வாய்
அப்பாவுக்கு முடிவெட்டுகிறவர் இனி வரமாட்டாராம். "தலையை ஆட்டிக்கிட்டே இருக்கார், போதாததுக்குத் திட்டு வேற. வேற ஆளைப் பாருங்கம்மா." அப்பாவுக்குப் பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்து ஏழு மாதம். நாக்கு மட்டும் விழவில்லை. தம்பி போனில், "நீயே வெட்டிவிடேன்க்கா, என்ன பெரிய வித்தை" என்கிறான். வாய்ப்பந்தல் போட அவனுக்குச் சொல்லித்தர வேண்டுமா?

மார்ச் 9, ஞாயிறு
தெருமுனைக் கடையில் பளபளவென்று ஒரு கத்தரி வாங்கினேன். அது வெட்டவில்லை. முடி நடுவில் மாட்டி மடிந்து மடிந்து நிற்கிறது. ஒரு பக்கம் எலி கரண்டின மாதிரி. அப்பா கண்ணாடியைப் பார்த்தார். "பீச்சாங்கைக்கு வேற எப்படி வரும்."

எழுதப் பழகிய வயதில் என் இடது கையை நாற்காலியோடு கட்டி வைத்தவர். எழுத்து மட்டும் வலது கைக்குப் போனது. மற்றதெல்லாம் இடது கையிலேயே நின்றுவிட்டது. துணி வெட்டினால் கோணல், அட்டை வெட்டினால் கோணல். கைவேலைக்கு லாயக்கில்லாதவள் என்று வீடே சொன்னது. நானும் நம்பினேன்.

மார்ச் 11, செவ்வாய்
சலூன் சாமான் விற்கும் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஈரத் தாளைக் கொடுத்து வெட்டிப் பார்க்கச் சொன்னார். கசங்கியது. என் கையைக் கவனித்தார். "இது வலது கைக்காரங்க கத்தரிம்மா. நீங்க புடிச்சா அலகு ரெண்டும் விலகிடும், முடி மடியத்தான் செய்யும்." மேல் அலகு மறுபக்கம் வைத்த ஒன்றை உள்ளேயிருந்து எடுத்து வந்தார். தாள் நூல் பிடித்தது போல் வெட்டுப்பட்டது.

கடையிலேயே அழுதுவிட்டேன். நாற்பத்து மூணு வயசு — கத்தரிதான் தப்புன்னு ஒருத்தருக்குக் கூடவா தோணலை?

மார்ச் 12, புதன்
புதுக் கத்தரியோடு அப்பாவிடம் போனேன். "அந்தக் கையால என் தலையைத் தொடாதே."
சரி. தொடவில்லை.

மார்ச் 23, ஞாயிறு
முடி காதை மூடிவிட்டது. கழுத்தெல்லாம் அரிப்பு. இடது கையால் சொறிந்துகொள்கிறார், அவருக்கு இருப்பது அது ஒன்றுதான். நான் பேச்சை எடுக்கவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு
காலையில் "வெட்டு" என்றார்.

கத்தரியோடு முன்னால் போய் நின்றேன். "எந்தக் கையால?"

நான் நகரவில்லை. கடைசியில் சுவரைப் பார்த்துக்கொண்டு, "இடது கையால" என்றார். எனக்குக் கேட்டது. கேட்கவில்லை என்றேன். இன்னொரு தரம் சொன்னார்.

வெட்டினேன். இரண்டு பக்கமும் சமமாக, சுத்தமாக வந்தது. பாதியிலேயே அழ ஆரம்பித்துவிட்டார். துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு மீதியையும் வெட்டினேன். எனக்குப் பாவமாகவே இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.